அடைகல்லுக்கு அந்தப் பக்கம்

விடிவதற்குள் முதல் இரும்பு சிவந்துவிட வேண்டும் என்பது அந்தப் பட்டறையின் சட்டம். அதை யாரும் எழுதி வைக்கவில்லை. தொழிலாளிக்குச் சாதகமான சட்டங்களைத்தான் எழுதி, கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டிவிட்டு மறந்துபோவார்கள். இந்த மாதிரிச் சட்டங்கள் எழுதாமலேயே ஒழுங்காக நடக்கும்.

சம்மட்டிக்காரி நேற்றைய சாம்பலை வாரிக் கொட்டினாள். கரியைக் கோழிமுட்டை அளவுக்கு உடைத்தாள். அவள் துருத்தியை மிதிக்க மிதிக்க, புகை முதலில் மஞ்சளாகக் கிளம்பிக் கண்ணைக் கரித்தது, பிறகு நெருப்பு நீலமாக மூச்சு விட்டது. முடியில் பொறி விழாமலிருக்கத் தலையைத் துணியால் இறுகக் கட்டிக்கொண்டாள். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை பொறி தெறித்த புள்ளிகள். பழையவை வெளுத்தும், நேற்றையவை சிவந்தும் இருந்தன.

அந்த நீண்ட கொட்டகையில் ஏழு உலைகள், ஏழு அடைகல்கள். இரும்பைக் கிடத்தி அடிக்கும் ஒவ்வொரு அடைகல்லுக்கும் இந்தப் பக்கம் ஒரு கொல்லன், அந்தப் பக்கம் அவன் மனைவி. கொல்லனுக்கு இடது கையில் குறடு, வலது கையில் சின்னச் சுத்தியல். மனைவிக்கு இரண்டு கையிலும் சம்மட்டி. கப்பலிலும் கட்டடத்திலும் பாரம் தூக்குகிற கொக்கிகள் அங்கே தயாராயின. ஒரு கொக்கிக்கு முந்நூறு அடிக்குக் குறையாது. அதில் இருநூற்றைம்பது பெண்களின் அடி. ஆனால் பதிவேட்டில் இருந்தது ஏழு பெயர்தான். ஏழும் ஆண்பிள்ளைகள்.

வேலை நேரத்தில் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்வதில்லை. கொல்லன் சின்னச் சுத்தியலால் இரும்பின் மேல் ஒரு தட்டு தட்டுவான். தட்டிய இடத்தில் சம்மட்டி விழ வேண்டும். மெல்லத் தட்டினால் மெல்ல, ஓங்கித் தட்டினால் ஓங்கி. அடைகல்லின் ஓரத்தில் இரண்டு தட்டு தட்டினால், நிறுத்து. பன்னிரண்டு வருஷமாகச் சம்மட்டிக்காரிக்கும் அவள் புருஷனுக்கும் இதுதான் பேச்சு. வீட்டில் அவள் வாய் ஓயாதபோதும் சாப்பாட்டுத் தட்டின் விளிம்பில் அவன் இரண்டு தட்டு தட்டிப் பார்ப்பான். அங்கே மட்டும் அவள் ஒருநாளும் நிறுத்தியதில்லை.

இரண்டு மாதத்துக்கு முன்னால், நடுச்சுவருக்கு அடுத்த பக்கம் மெஷின் சம்மட்டி வந்தது. ஒவ்வொரு முறை அது விழும்போதும் தரை எழும்பி உட்கார்ந்தது, காது அடைத்துக்கொண்டது. பெரிய கொக்கியெல்லாம் மெஷினுக்குப் போக, சின்னக் கொக்கிகள் உலைகளுக்கு வந்தன. கூலியும் சின்னதாயிற்று. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார்கள். ஆனால் சம்மட்டிக்காரியின் புருஷன் ஒருநாள் முதலாளியிடமே போய் நின்றான்.

"ஐயா, மெஷின் ஓடறப்ப தட்டற சத்தம் கேக்கல. அதை வேற கொட்டகைக்கு மாத்துங்க. இல்ல, நாங்க அடிக்கிற நேரத்துக்காவது நிறுத்துங்க."

"மெஷினை நிறுத்தவா அத்தனை விலை குடுத்து வாங்கினேன்? தலையை ஆட்டிக் காட்டேன்யா, உனக்குத்தான் பெரிய தலை இருக்கே" என்று சிரித்தார் முதலாளி.

அடிக்கிறவள் கண் இரும்பின் மேலே இருக்கும். புருஷன் முகத்தைப் பார்த்துக்கொண்டு அடித்தால் குடும்பம் நடக்கலாம், கொக்கி வராது. இது கொல்லுப்பட்டறையில் வளர்ந்த யாருக்கும் தெரியும். முதலாளிக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அன்று காலை மூன்றாவது இரும்பு. அவன் தட்டினான், அவள் அடித்தாள். தட்டினான், அடித்தாள். சிவந்த இரும்பின் மேல் கறுப்பாகப் பொருக்கு கட்டியது. அதைத் துடைத்துவிட்டு அடிக்காவிட்டால் கொக்கியில் குழி விழும், பாரம் தூக்கும்போது அந்த இடத்தில் முறியும். அவன் அடைகல் ஓரத்தில் இரண்டு தட்டு தட்டிவிட்டுச் சுத்தியலை வைத்தான். கம்பித் தூரிகையை எடுத்து இரும்பின் மேல் கை நீட்டினான். நிமிர்ந்து பார்க்கவில்லை. எந்தக் கொல்லனும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. அவன் தட்டிய அதே நொடியில்தான் சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின் விழுந்திருந்தது. சம்மட்டி அவள் தலைக்கு மேலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது.

இரும்பில் விழுந்தால் சம்மட்டி துள்ளி எழும். அன்று அது துள்ளவில்லை.

வலது கையில் இரண்டு விரலை ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். மூன்றாவது விரல் இருக்கிறது, மடங்காது. இனி அவன் சுத்தியல் பிடிக்க முடியாது என்று டாக்டர் சொன்னபோது, அவள் தன் கைகளைச் சேலைக்குள் ஒளித்துக்கொண்டாள். வெட்டிப் போட்டுவிடலாமா என்றிருந்தது.

மூன்றாம் நாள் முதலாளி அவளை ஆபீசுக்குக் கூப்பிட்டார். பன்னிரண்டு வருஷத்தில் அவள் அந்த அறைக்குள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. நாற்காலி இருந்தது. உட்காரச் சொல்லவில்லை. அவளுக்கும் உட்காரத் தோன்றவில்லை.

"ஆஸ்பத்திரியில இருந்து எழுதிப் போட்டுட்டாங்க. வெள்ளிக்கிழமை தொழிலாளர் ஆய்வாளர் வர்றார்" என்று ஒரு தாளை அவள் பக்கம் தள்ளினார். "இதுல கையெழுத்துப் போட்டுடு. உன் புருஷனுக்கு வாசல்ல காவல்காரர் வேலை தர்றேன். கம்பெனி வீட்டையும் காலி பண்ண வேண்டாம்."

அவள் எழுத்துக்கூட்டிப் படித்தாள். வீட்டில் நடந்த புருஷன் பெண்டாட்டி சண்டையில் கோபத்தில் கையில் அடித்துவிட்டேன் என்று எழுதியிருந்தது.

"நாங்க சண்டை போடலைங்களே ஐயா. பட்டறையில வேலை செய்யறப்பதானே..."

"நீ இங்க வேலை செய்யறியா? எந்த ரெஜிஸ்டர்ல இருக்கே?" முதலாளி குரலை உயர்த்தவில்லை. அதற்குத் தேவையும் இருக்கவில்லை. "பட்டறையில நடந்துச்சுன்னு சொன்னா, வெளியாளை உள்ளே விட்டது உன் புருஷன் தப்பு. அடிச்சது உன் தப்பு. போலீஸ் வரும். யோசிச்சுக்கோ. நான் ஒண்ணும் கல்நெஞ்சன் இல்ல. நானும் கொல்லன் வம்சம்தான். அதோ பார், எங்க தாத்தா."

சுவரில் ஒரு பழைய புகைப்படம். மீசை வைத்த ஒருவர் குறடும் சுத்தியலுமாக அடைகல்லின் முன் நிற்கிறார். கீழே விளக்குகூடப் போட்டிருந்தது.

ஏர் பூட்டியவனுக்குக் கொழுவும், குதிரைக்காரனுக்கு லாடமும் அடித்துக் கொடுத்தவன் கொல்லன். ராஜாவுக்கு வாள் அடித்ததும், அந்த ராஜா தோற்ற மறுநாள் அவன் காலுக்கு விலங்கு அடித்ததும் அதே கொல்லன்தான். இரண்டு நாளும் அவன் சாப்பாட்டில் மாற்றமில்லை. சண்டை வந்தால் ஆள் அனுப்பிக் கூப்பிடுவார்கள். சண்டை முடிந்தால், நெருப்பும் சத்தமும் ஆகாது என்று ஊர்க்கோடிக்குத் தள்ளிவைப்பார்கள். அந்தக் கொல்லனுக்காவது எப்போதாவது ஒரு படம் எழுதியிருக்கிறார்கள், ஒரு பாராட்டுச் சொல்லியிருக்கிறார்கள். அவனுக்கு எதிரே நின்று சம்மட்டி அடித்தவளை எந்தக் காலத்திலும் எவரும் எண்ணிக்கையில் சேர்த்ததில்லை. கிள்ளுக்கீரைக்குக்கூட ஒரு விலை உண்டு.

சம்மட்டிக்காரி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண் மீசையில் நிற்கவில்லை. படத்தின் வலது ஓரத்துக்குப் போயிற்று. அங்கே சட்டத்தை ஒட்டி, பாதி சம்மட்டித் தலை தெரிந்தது. பிடியும் பிடித்த கையும் இல்லை. கத்தரித்திருந்தார்கள்.

"ஐயா, உங்க தாத்தா சின்னச் சுத்தியல் பிடிச்சிருக்காரு. சம்மட்டி யாரு அடிச்சது?"

முதலாளி திரும்பிப் படத்தைப் பார்த்தார். தினம் பார்க்கிற படம். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"தாளை எடுத்துட்டுப் போ. வெள்ளிக்கிழமைக்குள்ள வரணும்" என்றார்.

வீட்டில் அவள் புருஷன் இடது கையால் சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து இருவரும் அந்த அடியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. 'வலிக்குதா', 'தண்ணி வேணுமா' என்பதோடு சரி. அவள் பொத்தானைப் போட்டுவிட்டு, தாளைப் படித்துக் காட்டினாள்.

"பரவாயில்லையே, காவல்காரர் வேலை! உக்காந்த இடத்துல சம்பளம்" என்று சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை.

"போட்டுடட்டுமாங்க? அடிச்சது நான்தானே. எங்க வச்சு அடிச்சா என்ன? உங்க கையைத் தின்னுட்டேன்" என்றவள் உடைந்துபோனாள். மூன்று நாள் அடக்கிவைத்திருந்த அழுகை. பக்கத்து வீட்டுக்குக் கேட்கும் என்று வாயில் துணியை வைத்து அடைத்துக்கொண்டு அழுதாள்.

அவன் கட்டுப் போட்ட கையை அவள் மடியில் வைத்தான்.

"ஒண்ணு சொல்றேன், கேளு. அன்னைக்கு நான் ரெண்டு தட்டு தட்டினேன்ல? அது எனக்கே கேக்கல. என் சுத்தியல் சத்தம் எனக்கே கேக்கல. உனக்கு எப்படிக் கேட்டிருக்கும்னு ஒரு நிமிஷம் யோசிச்சிருக்கணும். பழக்கத்துல கையை நீட்டிட்டேன். இதை அந்த ஆய்வாளர்கிட்ட சொல்லணும். தாள்ல இருக்கறதை இல்ல, இதை."

அன்று சாயங்காலமே சிடுமூஞ்சி வந்தான். அடுத்த உலைக் கொல்லன். பிறந்தபோதே முகத்தைச் சுளித்துக்கொண்டு பிறந்தவன் என்று பட்டறையே சொல்லும். அவன் மனைவி நெட்டச்சி, அவனைவிட ஒரு சாண் உயரம், வாசலிலேயே நின்றுகொண்டாள்.

"விஷயம் கேள்விப்பட்டேன்" என்றான் சிடுமூஞ்சி. "தங்கச்சி, நீ கையெழுத்துப் போட்டுடு. வெள்ளிக்கிழமை பொம்பளைங்க யாரும் பட்டறைப் பக்கம் வரக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க. நீ முறைச்சுக்கிட்டா உலையையே மூடிட்டு எல்லாத்தையும் மெஷினுக்கு விட்டுடுவாங்க. உனக்குப் போனது ரெண்டு விரல். எங்க ஆறு குடும்பத்து வயித்துல அடிச்சுடாதே."

ரெண்டு விரல் என்று சொன்னதும் அவன் கண் கட்டுப் போட்ட கைக்குப் போய்த் திரும்பியது.

நெட்டச்சிதான் பேசினாள். "நாளைக்கு நான் உங்க கையில அடிச்சிட்டா?"

"என்னது?"

"மெஷின் சத்தத்துல எனக்கும்தான் கேக்கறதில்ல. குத்துமதிப்பாத்தான் அடிக்கிறேன். நாளைக்கு உங்க கை போச்சுன்னா, அதுவும் வீட்டுச் சண்டையா? உங்க கையை உடைச்சவள்னு நானும் ஒரு தாள்ல கையெழுத்துப் போடணுமா? சொல்லுங்க."

சிடுமூஞ்சி செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை ஆய்வாளர் வந்தார். கண்ணாடி போட்ட, களைத்த முகத்து மனிதர். கையில் ஒரு நோட்டு. முதலாளி அவரைக் கொட்டகைக்கு அழைத்து வந்தார். உலைகள் எரிந்தன. ஆனால் அடைகல்லுக்கு அந்தப் பக்கம், பெண்கள் நிற்கிற இடத்தில், காவல்காரர், லாரி டிரைவர், ஆபீசில் டீ வாங்கி வருகிறவர், இரண்டு குமாஸ்தாக்கள் என்று கிடைத்தவர்களையெல்லாம் நிறுத்தியிருந்தார்கள். குமாஸ்தாக்களில் ஒருவர் பேனாவைக் காதில் செருகியபடியே சம்மட்டியைத் தூக்கினார். சம்மட்டி அவரைத் தூக்கிக்கொண்டு போய் உலை ஓரத்தில் விட்டது. டிரைவர் அடித்த அடியில் கொக்கி சப்பாத்தியாயிற்று. கொல்லர்கள் கையை எட்டி வைத்துக்கொண்டு உயிரைப் பிடித்தபடி நின்றார்கள்.

"தினமும் இவங்கதான் அடிக்கிறாங்களா?" என்றார் ஆய்வாளர்.

"புது ஆளுங்க, பழகிடுவாங்க" என்று பூசி மெழுகினார் முதலாளி.

"இல்லைங்க ஐயா. நாங்கதான் அடிக்கிறோம்."

கொட்டகை வாசலில் சம்மட்டிக்காரி நின்றாள். பக்கத்தில் கட்டுப் போட்ட கையோடு அவள் புருஷன். பின்னால் நெட்டச்சி. அவளுக்குப் பின்னால் மற்ற ஐந்து பெண்கள், தலையில் துணி கட்டி, வேலைக்கு வருகிற கோலத்தில்.

அவள் கையிலிருந்த தாளை ஆய்வாளரிடம் கொடுத்தாள். கையெழுத்து இல்லாத தாள். புருஷன் நடந்ததைச் சொன்னான். மெஷின் ஓடிக்கொண்டிருந்ததால் பாதி கேட்கவில்லை. ஆய்வாளர் காதில் கை வைத்து, "என்ன? என்ன?" என்று குனிந்தார்.

"இதைத்தான் சார் சொல்றேன்" என்றான் அவன்.

முதலாளி முன்னால் வந்தார். "சார், கட்டின புருஷன் கையை நசுக்கினவ இவ. சம்மட்டி பிடிக்கத் தெரியும்னு சொல்றா. சரி, இங்க இருக்கற கொல்லனுங்களையே கேளுங்க. இவ சம்மட்டிக்குக் கீழே இனிமே கை வைக்க யாராவது தயாரா? ஒருத்தன் வரட்டும், பார்ப்போம்."

யாரும் அசையவில்லை. சம்மட்டிக்காரி தலை நிமிரவில்லை. அவர் கேட்டதையேதான் அவளும் நாலு நாளாகத் தன்னைக் கேட்டுக்கொண்டிருந்தாள். இனி எவனாவது இந்தக் கையை நம்பித் தன் கையைக் கீழே வைக்கலாமா? பட்டறையில் வேலை போனால் வேறு வேலை தேடலாம். இந்தப் பயம் போகாவிட்டால் எங்கே போவது?

சிடுமூஞ்சி தன் உலையிலிருந்து வெள்ளையாய்க் காய்ந்த இரும்பைக் குறட்டால் உருவினான். அடைகல்லில் வைத்தான். எதிரே நின்ற காவல்காரரைப் பார்த்து, "தள்ளிக்கோய்யா" என்றான். பிறகு, முகத்தை வழக்கம்போல் சுளித்துக்கொண்டே சொன்னான்: "வா தங்கச்சி."

"அந்த இரும்புல அவ அடி விழுந்தா நாளைக்கு இந்தப் பட்டறைக் கதவு திறக்காது" என்றார் முதலாளி. இப்போது குரல் உயர்ந்திருந்தது. "ஏழு உலையும் மூடிடுவேன்."

சம்மட்டிக்காரி மற்றப் பெண்களைப் பார்த்தாள். ஏழு வீட்டு அடுப்பும் அவள் ஒருத்தி கையில் இருந்தது.

"எங்க மூஞ்சியை ஏன்டி பாக்கறே? அடி" என்றாள் நெட்டச்சி. அவள் கண்ணிலும் தண்ணீர்.

அப்போது தரை அதிர்வது நின்றது. நடுச்சுவர் வாசல் வழியாக இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த மெஷின்காரர் கையைத் துடைத்தபடி இந்தப் பக்கம் வந்தார். இரண்டு மாதமாக இவர்கள் யாரோடும் ஒரு வார்த்தை பேசாத மனிதர். மெஷினோடு வந்தவர் என்று இவர்களும் பேசியதில்லை.

"யாருய்யா நிறுத்தச் சொன்னது? போடு!" என்று முதலாளி கத்தினார்.

"அவங்களுக்குக் கேக்கணும் சார்" என்றார் மெஷின்காரர். சுவரில் சாய்ந்து நின்றுகொண்டார்.

சம்மட்டிக்காரி காவல்காரர் கையிலிருந்த சம்மட்டியை வாங்கினாள். அவர் நிம்மதியாகக் கொடுத்தார். அவள் புருஷன் உலைக்குப் போய்த் துருத்தியில் காலை வைத்தான்.

சிடுமூஞ்சி இரும்பைத் தட்டினான். அவள் தூக்கினாள். தலைக்கு மேலே ஒரு கணம் சம்மட்டி நின்றது. கண்ணை மறைத்த நீரைத் தோளில் துடைத்துக்கொண்டு அடித்தாள். பொறி பறந்தது. தட்டு, அடி. தட்டு, அடி. கம்பி மெல்ல வளைந்து கொக்கியின் கழுத்தாகத் தொடங்கியது. பத்தாவது அடிக்கு அவள் தூக்கியபோது அடைகல் ஓரத்தில் இரண்டு தட்டு விழுந்தது. சம்மட்டி அந்தரத்தில் நின்றது.

சிடுமூஞ்சி சுத்தியலை வைத்தான். தூரிகையை எடுத்தான். தலை நிமிராமல் அவள் சம்மட்டிக்குக் கீழே கையை நீட்டி, பொருக்கைத் துடைத்தான். ஒரு தரம் துடைத்தால் போதும். அவன் மூன்று தரம் துடைத்தான். அவசரமில்லாமல், ஓரமெல்லாம் பார்த்துப் பார்த்துத் துடைத்தான். அத்தனை நேரமும் அவள் தூக்கிய கையைத் தூக்கியபடி, உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். நெட்டச்சியும் மற்றவர்களும் ஒவ்வொருவராகத் தங்கள் அடைகல்லுக்கு அந்தப் பக்கம் போய் நின்றார்கள். குமாஸ்தாக்கள் வழிவிட்டார்கள். முதலாளி போன் பேசப் போனார். யாரிடம் என்ன பேசினாரோ, நல்லதாக இருக்காது என்று எல்லோருக்கும் தெரியும்.

ஆய்வாளர் தொண்டையைக் கனைத்தார். "நான் எழுதிக்கிட்டுப் போறேன். முடிவு என் கையில இல்ல, மேல இருக்கறவங்க என்ன சொல்வாங்களோ தெரியாது. நாளைக்குக் கதவு திறக்கறதுக்கும் நான் பொறுப்பு இல்ல" என்று நோட்டில் ஒரு புதுப் பக்கத்தைப் புரட்டினார். "உங்க பேர் என்னம்மா?"

சிடுமூஞ்சி இரும்பின் மேல் தட்டினான்.

"கொஞ்சம் இருங்க சார், இரும்பு ஆறிடும்" என்றாள் சம்மட்டிக்காரி.

அவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.